மெய்ப்பாட்டியல் நோக்கில் ‘ஆலிஸின் அற்புத உலகம்’

முன்னுரை

லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் எழுதிய சார்லஸ் டாட்ஜ்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். 1862 ஜூலை 4 அன்று படகுப் பயணம் ஒன்றில் மூன்று சிறுமியர்க்கு அவர் சொன்ன கதை, 1865இல் ஜான் டென்னியலின் ஓவியங்களுடன் நூலாயிற்று. எஸ். ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் இதனைத் தமிழாக்கியுள்ளனர். சிறார் கதை ஒன்றை மதிப்பிடுகையில், அது என்ன நீதி புகட்டுகிறது என்னும் வினாவே தமிழில் பெரும்பாலும் முதலில் எழுகிறது. அவ்வினாவிற்கு இந்நாவல் விடை தருவதில்லை. நீதி புகட்டாத கதை சிறாரை எவ்வாறு மகிழ்விக்கிறது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மருட்கை

தொல்காப்பியர் மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகக் கூறுகிறார். இந்நாவலில் நான்கும் அமைந்துள்ளன. முயல் பேசுவது ஆலிஸுக்கு வியப்பளிக்கவில்லை. அது சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து நேரம் பார்த்தபோதே அவள் வியந்து எழுகிறாள். அன்றாட வாழ்வின் அவசரம் பொருந்தா இடத்தில் தோன்றுவதே இங்குப் புதுமையாகிறது. அண்ணனூர் நிலையத்தில் மின்தொடர் வண்டியைப் பிடிக்க ஓடுவோரை நாளும் காணும் சிறுமிக்கு அம்முயலை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆலிஸ் முதலில் பத்து அங்குலமாகச் சுருங்குகிறாள். பின்னர் ஒன்பது அடிக்கும் மேலாக வளர்கிறாள். கம்பளிப்புழுவைச் சந்திக்கும்போது அவள் உயரம் மூன்று அங்குலம். இவை சிறுமையும் பெருமையுமாம். அவள் கையில் ஏந்திய குழந்தை பன்றிக்குட்டியாக மாறுவது ஆக்கம். வியப்பதற்குரிய மாற்றம் ஆலிஸின் உடலிலேயே நிகழ்வதும் கருதத்தக்கது. மெய்ப்பாடு தன்கண் தோன்றுவதும் பிறன்கண் தோன்றுவதும் உண்டு என்பர் உரையாசிரியர். வியப்பவளும் வியக்கப்படுபவளும் ஒருத்தியே ஆவதால், ‘நீ யார்?’ என்று புழு கேட்கும்போது அவளால் விடை கூற இயலவில்லை. நாள்தோறும் வளரும் உடலோடு வாழும் குழந்தைக்கு இது தன் அனுபவமேயாகும்.

அச்சமும் நகையும்

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அச்சத்தின் நிலைக்களன்கள். எதிர்ப்பட்டவரையெல்லாம் தலைகொய்ய ஆணையிடும் சீட்டுக்கட்டு இராணி ‘தம் இறை’ என்னும் வகையினள். எனினும் எவர் தலையும் வீழ்வதில்லை. ஆணை திரும்பத் திரும்ப ஒலிக்க, அச்சம் நகையாகத் திரிகிறது. இறுதியில் அவர்கள் வெறும் சீட்டுகளே என ஆலிஸ் உரைத்ததும் அரசவை கலைகிறது.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நகையின் நிலைக்களன்களுள் மடன் இங்குச் சிறப்பிடம் பெறுகிறது. கற்பித்ததை அப்படியே பற்றிக்கொண்டு விடாமை மடன் எனப்படும். பொருள் அறியாமலே அட்சரேகை, தீர்க்கரேகை என்று ஆலிஸ் சொல்லிப் பார்ப்பது அதுவே. எல்லாவற்றிலும் நீதியைத் தேடும் சீமாட்டியும் அத்தகையவளே. நீதிநோக்கில் இந்நாவலை அணுகும் திறனாய்வு, அச்சீமாட்டியின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்கிறது.

தமிழாக்கத்தில் நகை

ஐசக் வாட்ஸ் தேனீயின் உழைப்பைப் போற்றி எழுதிய பாடலை ஒப்பிக்க முயலும் ஆலிஸின் வாயில் முதலையைப் பற்றிய பாடல் வருகிறது. மூலப்பாடலை மனப்பாடம் செய்த சிறார்க்கே அது நகை தரும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் முதலை எஞ்சும்; நகை எஞ்சாது. தமிழ்ச் சிறார் மனப்பாடம் செய்யும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றின் யாப்பில் அப்பிறழ்ச்சியை அமைப்பதே பொருத்தமான தமிழாக்கம் ஆகும்.

எலி தன் கதையைச் சொல்ல, அதன் வாலைப் பற்றியே சொல்வதாக ஆலிஸ் கொள்வது ஆங்கில ஒலியொப்புமையால் விளைந்த சிலேடை. தமிழில் எலி ‘வரலாறு’ என, அவள் ‘வால் ஆறு’ எனக் கேட்கலாம். ஆறு போல் வளைந்து செல்லும் வாலின் வடிவில் அப்பாடல் அச்சிடப்பட்டிருப்பதற்கும் அது இயையும். பாம்புகளின் உருவில் எழுத்துகளை அடைக்கும் நாகபந்தம் முதலிய சித்திரகவிகளை உடைய மொழிக்கு இவ்வடிவம் அயலன்று. ஆயினும், சிறார்க்கு எளிமை வேண்டும் எனக் கருதி, இத்தகைய பகுதிகளைச் சுருக்குவதும் விடுப்பதும் நேரும்போது, நிகழ்ச்சிகள் மட்டுமே எஞ்சுகின்றன.

முடிவுரை

மருட்கை ஆலிஸை முயல்வளைக்குள் இழுக்கிறது. நகை அவளை அச்சத்திலிருந்து காக்கிறது. இவ்விரண்டின் இயைபே இந்நாவல் தரும் இன்பம். அவ்வின்பம் பெரிதும் மொழியில் அமைந்திருத்தலின், கதைச்சுருக்கமாக மட்டும் இதனைப் பெறும் தமிழ்ச் சிறார் மருட்கையைப் பெற்று நகையை இழக்கின்றனர். மெய்ப்பாட்டியல் பெரியோர்க்கான செய்யுளை நோக்கி எழுந்ததாயினும், உவகையையும் நகையையும் தம்மளவிலேயே இலக்கியப் பயனாக ஏற்ற கோட்பாடு அது. சிறார் இலக்கியத் திறனாய்வு அக்கோட்பாட்டைக் கைக்கொள்ளுமாயின், ‘என்ன கற்பிக்கிறது?’ என்னும் வினாவிற்கு முன் ‘எங்கே சிரிக்க வைக்கிறது?’ என்னும் வினாவை எழுப்ப இயலும்.