தளம் தாங்கும் எடை: கணக்கின் பலமும் குறையும்

ஒரு மாடித் தளம் எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்பதை அதைக் கட்டும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். அங்கே யார் குடியேறுவார்கள், எந்த மூலையில் பீரோ நிற்கும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. இந்தத் தெரியாமைக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும் பொறுப்பை இந்தியாவில் ஐ.எஸ். 875 என்ற தரநெறி ஏற்றிருக்கிறது.

கணக்கின் முதல் பாதி எளிது. கான்கிரீட், செங்கல், தரை ஓடு ஆகியவற்றின் எடை தெரிந்ததே. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். மறுபாதிதான் கடினம்: மனிதர்களும் பொருள்களும். 1987இல் வெளியான இரண்டாம் பகுதி, வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ, வகுப்பறைக்கு 300, நிலையான இருக்கைகள் இல்லாத மண்டபத்துக்கு 500, நூலகத்தின் புத்தக அடுக்கறைக்குக் குறைந்தது 600 என்று வகுத்தது.

இந்த எண்கள் கஞ்சத்தனமானவை அல்ல. பத்துக்குப் பத்து அடி அறையில் 200 கிலோ என்ற கணக்கை எட்ட, இருபத்தைந்து பேருக்கு மேல் நெருக்கியடித்து நிற்க வேண்டும். சாமி ஊர்வலம் பார்க்கக் கூட்டம் சேரும் பால்கனிக்கும், ஆபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கும் படிக்கட்டுக்கும் 300 கிலோ. இதற்கு மேல், கான்கிரீட் வடிவமைப்பில் எல்லாப் பாரத்தையும் ஒன்றரை மடங்காக்கிக் கணக்கிடுகிறார்கள். எல்லா மாடிகளும் ஒரே நாளில் நிரம்பி வழிவது அரிது என்பதால், அடுக்குமாடிகளின் தூண்களுக்கு இந்தப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளவும் இடமுண்டு. பாதுகாப்பையும் செலவையும் நிதானமாக எடைபோட்ட அணுகுமுறை இது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முதலாவது, இது சராசரியின் கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டரில் ஒரு டன்னை இறக்குகிறது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வைத்த கணக்கோ 150 கிலோதான். தூண், பீம் எங்கே என்று பார்க்காமல் தொட்டியை நடுத்தளத்தில் வைத்தால், சராசரி நம்மைக் காப்பாற்றாது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. எண் வரைபடம் போட்ட நாளோடு நின்றுவிடுகிறது. கட்டடத்தின் பயன்பாடு மாறிக்கொண்டே போகிறது. பழைய தரையின் மேலேயே சிமெண்டுக் கலவை போட்டுக் கிரானைட் பதித்தால், சதுர மீட்டருக்கு நூறு கிலோ நிரந்தரமாகக் கூடும். வீட்டு அறைக்கு ஒதுக்கிய 200இல் பாதி, ஒரு நாற்காலி உள்ளே வரும் முன்பே போய்விடும். நாலரை அங்குலச் செங்கல் சுவரைப் பத்தடி உயரம் எழுப்பினால், மீட்டர் நீளத்துக்கு 700 கிலோ வரை ஏறும்.

இது பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. சியோலின் சாம்பூங் அங்காடியில் ஸ்கேட்டிங் அரங்காகத் திட்டமிட்ட ஐந்தாம் தளம் உணவகங்களாக மாறியது. 1995இல் கட்டடம் இடிந்து 502 பேர் மாண்டார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கட்டப்பட்ட வங்கதேசத்தின் ராணா பிளாசாவில் தையல் ஆலைகளும் ஜெனரேட்டர்களும் ஏறின. 2013இல் 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இரண்டிலும் கட்டுமானக் கோளாறுகளும் இருந்தன. ஆனால் தளம் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டதும் அவற்றோடு சேர்ந்த காரணம்.

இதற்கான மருந்தை 1987 நெறியே சொல்லியிருக்கிறது. 300 கிலோவுக்கு மேல் தாங்க வடிவமைத்த வணிக, தொழில், கிடங்குக் கட்டடத் தளங்களில், அந்த எடையைக் கண்ணில் படும்படி நிரந்தரப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது அது. வீட்டுத் தளம் இந்த வரம்புக்குள் வராததால், வீட்டுக்காரருக்குத் தன் தளத்தின் எண் தெரிய வழியே இல்லை.

கணக்கு சரியானது, அது பொறியாளரின் கோப்போடு முடங்குவதே தவறு. இந்தப் பலகையை வீடுகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, சுவர் எழுப்பும் முன்னும் தொட்டி ஏற்றும் முன்னும், மேஸ்திரியோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.