ஓஷினுக்காக அழுதோம், பெட்டி வாங்கித் தந்தவளுக்காக?

நாற்பத்தைந்து வயது தாண்டிய நாலு பேர் எங்கட பக்கத்தில் ஒரு கலியாண ஊட்டில் கூடினால் பேச்சு எப்படியும் பழைய தொலைக்காட்சியில் வந்து நிற்கும். "அந்தக் காலத்து ரூபவாஹினி போல இனி வருமா?" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போடுவார்கள். அண்மைக் காலமாக இந்தப் பேச்சு எழுத்தாகவும் வருகிறது. பெருநாள் மலர்களிலும் பாடசாலை ஆண்டு மலர்களிலும் இத்தகைய நினைவுக் கட்டுரைகளைக் காண்கிறோம். கார் பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி, கூரைக்கு மேல் ஏறி அன்டனாவைத் திருப்பிய பொடியன், ஒரே பாயில் நெருக்கியடித்து இருந்த இருபது பேர், ஓஷின், மல்குடி நாட்கள் என்று போய், எல்லாக் கட்டுரைகளும் ஒரே இடத்தில் முடிகின்றன: அந்தக் காலம் நல்ல காலம், இப்போது ஆளுக்கொரு போன்.

இந்த எழுத்துகளை நான் விரும்பித்தான் வாசிக்கிறேன். அவை சொல்லும் செய்திகளும் பொய்யல்ல. ஆனால் ஏறத்தாழ எல்லாமே ஒரு கேள்வியைக் கேட்காமல் கடந்து போகின்றன. அந்தப் பெட்டி எங்கட ஊட்டுக்கு எப்படி வந்தது? அதை வாங்கிய காசு யாருடையது? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு, அந்தக் கட்டுரைகள் அதிகம் ஏங்குகின்ற ஓஷினையே துணைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சில தகவல்கள். இலங்கையில் 1979 ஏப்ரலில் ஐ.டி.என். தொடங்கியது. ஜப்பான் அரசின் நன்கொடையில் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. பிதுருதலாகல மலையில் நிறுத்திய கோபுரத்தின் புண்ணியத்தால் படம் நாட்டின் தூரத்து மூலைகளுக்கும் எட்டியது. அந்த ஜப்பானில் இருந்துதான் ஓஷினும் வந்தாள். என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்ற கணக்கில் 297 பகுதிகளாகக் காட்டிய தொடர் அது. எழுதியவர் ஹஷிடா சுகாக்கோ என்ற பெண். ஜப்பானில் அதைப் பார்த்தவர்களின் சராசரி அளவு 52.6 வீதம். பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போனது. எங்களுக்கு அது சிங்களத்தின் வழியாக வந்தது.

வரிப்பத்தான்சேனை போன்ற ஓர் ஊருக்கு ஓஷின் ஏன் அவ்வளவு பிடித்துப்போனாள் என்பதை நினைவுக் கட்டுரைகள் 'உருக்கமான கதை' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகின்றன. கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் காரணம் வேறு. 1907ஆம் ஆண்டு. யமகதா மலைப் பக்கத்தில் ஒரு குத்தகை விவசாயியின் குடும்பம். விளைந்ததில் பெரும் பங்கு நிலச் சொந்தக்காரனுக்குப் போய்விடும். மிஞ்சியதில் முள்ளங்கியை வெட்டிப் போட்டு, சோற்றைக் கூட்டிக் காட்டிச் சாப்பிடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஓஷினை ஒரு மூடை அரிசிக்கு ஒரு மர வியாபாரியின் வீட்டில் வேலைக்கு விடுகிறார் வாப்பா. உம்மா அழுகிறாள், ஆனால் தடுக்க முடியவில்லை. அங்கே ஒருநாள் ஐம்பது சென் காசு காணாமல் போகிறது. களவெடுத்தவள் என்று பழி இவள் மேல் விழுகிறது. பனியில் தப்பி ஓடுகிறாள்.

இதை வயலும் குளமுமாக இருக்கும் ஊர் பார்த்தது. போடியார் யார், குத்தகைக்காரன் யார், அறுவடைக்கு முன்னரே நெல்லைக் கடனுக்கு எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்பதெல்லாம் தெரிந்த ஊர். கொழும்பில் பெரிய ஊடுகளுக்கு வேலைக்குப் போன சின்னப் பிள்ளைகளைத் தெரிந்த ஊர். சிங்களம் விளங்காத பொம்பளைகளுக்கு அம்பாறைப் பக்கம் வேலைக்குப் போய் வந்த ஒருவர் பக்கத்தில் இருந்து கதை சொல்வார். மூடை அரிசியை இறக்கிவைக்கும் இடம் வந்தபோது எங்கட மூத்தம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "அரிசிக்கா மனே புள்ளயக் குடுத்தானுகள்?" அவவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜப்பானியப் பனியும் கிமோனோவும்தான் புதினம். மற்றதெல்லாம் தெரிந்த கதை.

இனிப் பெட்டிக்கு வருவோம். எண்பதுகளில் எங்கட ஊர்களுக்கு வந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் எத்தனையோ சவூதியிலும் குவைத்திலும் உழைத்த காசில் வந்தவை. எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய அந்தப் பயணம் எண்பதுகளில் பெரும் ஓட்டமாக மாறியது. அதை ஒழுங்குபடுத்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தொண்ணூறுகளில் போனவர்களில் பெண்களே பெரும்பான்மை. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். எங்கட தெருவில் முதல் பெட்டி வந்த ஊட்டில் இருந்தவர்கள் வாப்பாவும் பிள்ளைகளும்தான். பெட்டியை வாங்கிய ராத்தா அப்போது இன்னொரு நாட்டில் இன்னொருவர் ஊட்டுச் சமையலறையில் நின்றா. அவட காசில் வந்த பெட்டியில், அவட பிள்ளைகளோடு சேர்ந்து தெருவே ஒரு வேலைக்காரப் பிள்ளைக்காகக் கண்ணீர் விட்டது. அந்தக் கண்ணீரில் அவவுக்கு எவ்வளவு பங்கு போனது என்று சொல்ல முடியாது.

நினைவுக் கட்டுரைகளில் "பக்கத்து ஊட்டு டீவி" என்று வருகிறது. "வெளிநாட்டுக்குப் போன மாமி அனுப்பிய பெட்டி" என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். அடுத்த வரியில் அன்டனா வந்துவிடும். நினைவு இப்படித்தான் தெரிவு செய்கிறது. அது தெரிவு செய்த பொற்காலத்துக்குள்தான் 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் எங்கட மையத்துகள் வரிசையாகக் கிடந்தன. அதுவும் அந்தக் கட்டுரைகளில் இல்லை. எல்லாவற்றையும் ஒரு கட்டுரையில் எழுத முடியாது என்பது சரி. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் மௌனமாகும்போது அது தனி எழுத்தாளரின் குறை அல்ல, ஒரு சமூகத்தின் பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொலைக்காட்சியைப் பற்றி எங்கட ஊர்களில் விவாதமே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடுமையாகவே நடந்தது. பெட்டி ஊட்டுக்குள் வரலாமா, அது இருக்கும் ஊட்டில் மலக்குகள் இறங்குவார்களா, மஃரிபுக்குப் பிறகு ஓதல் சத்தம் கேட்ட தெருவில் இதென்ன சத்தம் என்று பயான்களில் கேட்டோம். அந்தக் கவலையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் நேரத்தைப் பற்றிய உண்மையான பயம் அதில் இருந்தது. ஆனால் விவாதம் பெட்டியின் ஹலால் ஹராமோடு நின்றுவிட்டது. பெட்டிக்குள் ஓடிய கதை என்ன சொல்கிறது என்று எதிர்த்தவர்களும் கேட்கவில்லை, ஆதரித்தவர்களும் கேட்கவில்லை. பெட்டியை வாங்குவதற்காக ஓர் உம்மா பாலகனை விட்டுவிட்டுப் போகலாமா, அவளைப் போக வைத்த வறுமைக்கு ஊர் என்ன பதில் சொல்லும் என்ற கேள்வி அந்த அளவுக்குச் சத்தமாக எழவில்லை. ஸக்காத் அந்த ஊட்டுக் கதவைத் தட்டியிருந்தால் அவள் போயிருப்பாளா என்பதும் ஒரு மார்க்கக் கேள்விதான்.

ஈரானில் இதே தொடர் வேறொரு வகையில் பெரும் சர்ச்சையானது. 1989 ஜனவரியில் வானொலி நிகழ்ச்சியொன்றில் ஒரு பெண், இன்றைய பெண்ணுக்கு முன்மாதிரி ஃபாத்திமா (ரழி) அவர்களைவிட ஓஷினே என்று சொல்லிவிட்டார். கொமெய்னி கோபமடைந்தார். வானொலிக்குப் பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டார்கள். அந்தப் பெண் சொன்னது ஒரு முஸ்லிமுக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும், போரில் களைத்துப்போன ஒரு நாட்டின் பெண் ஏன் ஒரு ஜப்பானிய வேலைக்காரியிடம் தன்னைக் கண்டாள் என்பதை யாராவது பொறுமையாகக் கேட்டிருக்கலாம். ரசூலுல்லாஹ்வின் மகள் தன் கையால் மாவரைத்து, தண்ணீர் சுமந்து தழும்பேறியவர் என்று ஹதீஸ்களில் படித்த சமூகம் நாம். அந்தக் கையையும் வேலைக்காரியின் கையையும் ஒருசேரப் பார்க்கக் கற்றுக் கொடுத்திருந்தால், அப்படியொரு ஒப்பீட்டுக்கு அங்கே இடமே வந்திருக்காது.

ஓஷின் தொடரிலும் விமர்சனத்துக்கு இடமுண்டு. துன்பத்தைச் சகித்தால் ஒருநாள் விடிவு வரும் என்ற பாடத்தை அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. உழைப்பாளியின் பொறுமையை அது புகழும் அளவுக்கு அவளை உழைக்க வைத்தவர்களைக் கேள்வி கேட்பதில்லை. ஏழைக்குப் பொறுமை சொல்லிக் கொடுக்கும் கதை எல்லா நாட்டிலும் நன்றாக ஓடும். மூதூரின் ரிஸானா நபீக்கும் பொறுமையாகத்தான் இருந்தாள். 2005இல் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பப்பட்ட பிள்ளை அவள். அவளிடம் பராமரிக்கக் கொடுத்த குழந்தை இறந்தது. பழி அவள் மேல் விழுந்தது. 2013 ஜனவரி 9இல் சவூதியில் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஓஷினுக்குப் பனியில் கைகொடுக்க ஒரு படைவீரன் வந்தான். ரிஸானாவுக்கு அப்படி யாரும் வந்து சேரவில்லை.

ஆனால் அந்தத் தொடரிடம் நாம் படிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. அதைத்தான் எங்கட நினைவுக் கட்டுரைகள் தவறவிட்டன. ஓஷினின் கதை சின்னப் பிள்ளையில் தொடங்குவதில்லை. எண்பது தாண்டிய கிழவியில் தொடங்குகிறது. குடும்பம் வசதியாகிவிட்டது. அவர்களுடைய சுப்பர் மார்க்கெட்டின் பதினேழாவது கிளை திறக்கும் நாளில் அவள் யாரிடமும் சொல்லாமல் ஊட்டை விட்டுப் போய்விடுகிறாள். தேடிவந்த பேரப்பிள்ளையோடு சேர்ந்து, தான் வேலைக்காரியாக இருந்த இடங்களுக்கெல்லாம் மறுபடி போகிறாள். வசதி வந்த வழியில் எதைத் தொலைத்தோம், எந்த இடத்தில் பிழைத்தது என்று பார்க்கவே அந்தப் பயணம். 297 பகுதிகளும் அந்தக் கேள்விக்கான தேடல். ஜப்பான் பணக்கார நாடான பிறகு ஹஷிடா தன் மக்களிடம் கேட்ட கேள்வி அது.

பழையதை நினைப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பழைய பாயில் மறுபடி படுத்துப் பார்ப்பது. மற்றது, அந்தப் பாயை விரித்தவர் யார், அதில் இடம் கிடைக்காமல் போனவர் யார் என்று கேட்பது. நாங்கள் ஓஷினை முதலாவது விதமாக நினைக்கிறோம். ஓஷினோ தன் வாழ்க்கையை இரண்டாவது விதமாக நினைத்தாள்.

கிழக்கிலங்கையின் சிறுகதைகளும் கவிதைகளும் வெளிநாட்டுக்குப் போன பெண்ணைத் தொட்டுத்தான் இருக்கின்றன. பெரும்பாலும் அவள் கடிதம் எழுதுகிறவளாக, கேசட்டில் குரல் பதிந்து அனுப்புகிறவளாக, திரும்பி வந்து புருஷன் மாறிப்போனதைக் காண்கிறவளாக வருகிறாள். போன நாளில் இருந்து இன்றுவரை அவளோடு கூடவே நடந்துபோகும் ஒரு நீண்ட நாவலையோ, எங்கட தமிழில் ஒரு தொடர் நாடகத்தையோ நான் பார்த்ததில்லை. அவள் கதையில் ஒரு மூடை அரிசியும் இருக்கிறது. பிற்காலத்தில் ஏஜன்சிக்காரர்கள் ஊடுகளுக்கு முற்பணம் கொடுத்துப் பெண்களை அனுப்பினார்கள். அந்தக் காசை எண்ணி வாங்கியவர் வாப்பா அல்லது புருஷன். யமகதாவில் 1907இல் நடந்தது எங்கட பக்கத்தில் கடவுச்சீட்டோடு நடந்தது.

எண்பதுகளில் இருபத்தைந்து வயதில் போனவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. சிலர் மௌத்தாகிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் எங்கட தெருக்களில்தான் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு, பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அறபு நன்றாகப் பேசுவார்கள், ஆனால் அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நினைவுக் கட்டுரை எழுதுகிறவர்கள் அடுத்த மலருக்கு எழுத உட்காரும் முன் அவர்களில் ஒருவரிடம் போய் ஒரு மணி நேரம் இருந்து கேட்கலாம். எந்த ஊட்டில் வேலை, சம்பளம் எவ்வளவு, முதல் மாதக் காசில் என்ன வாங்கினீங்க, ஓஷின் ஓடின நேரம் நீங்க எங்க இருந்தீங்க? எங்கட பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதை ஒலிப்பதிவாகச் சேர்த்து வைக்கலாம். இத்தகைய இதழ்கள் அவற்றைப் பெயர் மறைத்து வெளியிடலாம். பெட்டியை நினைவில் வைத்திருக்கிற ஊரால் அதை அனுப்பியவளையும் நினைவில் வைக்க முடியும். அவள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.