எள்ளலின் திசை: நடிகர் சந்தானத்தின் கலைவாழ்வு குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்த் திரை நகைச்சுவை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் என்.எஸ். கிருஷ்ணனில் தொடங்கி, நாகேஷ், கவுண்டமணி, வடிவேலு என வளர்ந்து, திரையரங்கின் வரலாறாகவே அமைகின்றன. தொலைக்காட்சிக்கு அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பின் இடமே கிடைத்து வந்துள்ளது. ஆனால் 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் தமிழ்த் திரையில் தோன்றிய நகைச்சுவையின் மொழியும் நடிகர் குழுவும் பெரும்பகுதி சின்னத்திரையில் உருவானவை. இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் கலைவாழ்வு நடிகர் சந்தானத்தினுடையது.

இக்கட்டுரை அவரது வாழ்க்கை வரலாற்றைத் தொகுக்க முற்படவில்லை. அவரது நகைச்சுவை யாரை நோக்கியது, அந்நோக்கு எவ்வாறு மாறியது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. அவ்வினாவை எழுப்புவதற்குச் சென்னையைவிடப் பகாங் மாநிலத்து ரிங்லெட் போன்ற ஒரு மலைத்தோட்டச் சிற்றூர் பொருத்தமான நோக்குமுனையாக அமையும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அதற்கான காரணம் பின்னர் விளக்கப்படும்.

எள்ளலும் அதன் இரு கூறுகளும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள். உரையாசிரியராகிய பேராசிரியர் இவற்றுள் எள்ளலை இரண்டாகப் பகுக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் நகுவது மற்றொன்று. முதற்கூறு எளிதில் விளங்கும். இரண்டாங்கூறு ஆழமானது. எள்ளப்பட்டவனும் சேர்ந்து நகுமிடத்தில்தான் நகை ஒரு குழுவின் பொதுவுடைமையாகிறது. அவன் நகாதவிடத்து அது வெறும் இழிப்பாக முடிகிறது.

கனடிய அறிஞர் லிண்டா ஹட்சியன் 1985இல் வெளியிட்ட நூலில், பகடி என்பது முந்தைய படைப்பைத் திறனாய்வு நோக்குடன் சற்றுத் தள்ளி நின்று திரும்பச் சொல்வது என விளக்கினார். பகடி தன் மூலத்தை வெறுக்க வேண்டியதில்லை; மதித்துக்கொண்டே கேலி செய்யவும் அதனால் இயலும். பேராசிரியரின் பகுப்பையும் இக்கருத்தையும் இணைத்து நோக்கினால் சந்தானத்தை மதிப்பிட நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எள்ளப்படுவது ஒரு படைப்பா, ஓர் அதிகாரமா, ஓர் உடலா? எள்ளப்படுவோர்க்கு அந்நகையில் இடமுண்டா?

சின்னத்திரைக் குழு

விஜய் தொலைக்காட்சியில் 2000-ங்களின் முற்பகுதியில் ஒளிபரப்பாகிய ‘லொள்ளு சபா’ ராம்பாலா இயக்கிய நிகழ்ச்சி. புகழ்பெற்ற படங்களின் பெயரைச் சற்றே திரித்து, அவற்றின் கதையை அரைமணி நேர அளவில் கேலியாக நடித்துக் காட்டுவது அதன் உத்தி. நாயக வேடங்களைப் பலகாலும் ஏற்றவர் சந்தானம். மனோகரின் வெட்டி வெட்டி நகரும் உடலசைவு, சுவாமிநாதனின் பதற்றமான பேச்சு, ஜீவாவின் ரஜினிகாந்த் பாணி நடிப்பு ஆகியவை குழுவுக்குத் தனியடையாளம் தந்தன. சேஷு, மாறன் ஆகியோரும் இக்குழுவினரே. பின்னாளில் முன்னணி நகைச்சுவை நடிகராக உயர்ந்த யோகி பாபுவும் இங்குச் சிறு வேடங்களில் தொடங்கியவர். ‘லொள்ளு சபா’ என்பது பலருக்கு இன்றளவும் பெயருக்கு முன்னொட்டாக நிலைத்திருப்பது, அக்குழு ஒரு கலைப்பள்ளியாக இயங்கியமைக்குச் சான்று.

இந்நிகழ்ச்சியின் எள்ளல் மேல்நோக்கியது. ஒரே அடியில் பத்துப் பேரை வீழ்த்தும் நாயகன், அழுதுகொண்டே பாடும் தாய், நெடுவசனம் பேசி முடிக்கும் வரை உயிர் விடாத தந்தை ஆகியோரே அதன் இலக்குகள். பல கோடி செலவில் எடுக்கப்பட்ட காட்சியை எளிய அரங்கப் பொருள்களைக் கொண்டு இக்குழு நடித்தபோது, மூலப்படத்தின் பொய்ம்மை வெளிப்பட்டது. கூடவே தங்கள் ஏழ்மையும் வெளிப்பட்டது. அதை மறைக்க அவர்கள் முயலவில்லை. தம்மையும் எள்ளலுக்கு உட்படுத்திக்கொண்டனர். பேராசிரியர் சுட்டிய இரு கூறுகளும் ஒருங்கே அமைந்த நகை இது.

உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் இதற்கு இணைகள் உண்டு. அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியிலிருந்து ஜான் பெலுஷி, எடி மர்பி முதலியோர் திரைப்படத்துக்குச் சென்றனர். குழுவாகச் செய்த கேலி, திரையில் தனிநடிகரின் முத்திரையாக மாறும்போது என்ன இழக்கப்படுகிறது என்னும் வினா அங்கும் எழுந்ததே.

நாயகனின் தோழன்

2004இல் வெளிவந்த ‘மன்மதன்’ படத்தின் வழியாகச் சிலம்பரசன் சந்தானத்தைத் திரையில் நிலைநிறுத்தினார். ‘சச்சின்’ (2005), ‘பொல்லாதவன்’ (2007) முதலிய படங்கள் தொடர்ந்தன. சிம்புதேவன் இயக்கிய ‘அறை எண் 305-ல் கடவுள்’ (2008) படத்தில் கஞ்சா கருப்புடன் முதன்மை வேடமும் ஏற்றார். எனினும் அவரது திரை உருவத்தை வரையறுத்தவை எம். ராஜேஷ் இயக்கிய ‘சிவா மனசுல சக்தி’ (2009), ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ (2010), ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ (2012) ஆகிய மூன்றும் எனலாம். இவற்றில் நாயகனின் தோழன் நாயகனுக்கு நிகரான இடம் பெறுகிறான். ‘நண்பேன்டா’ என அவர் பேசிய ஒரு சொல், 2015இல் ஒரு படத்தின் பெயராகவே ஆனது.

அவரது உத்தி உடனடி மறுமொழி. எதிராளி பேசி முடிக்கும் முன்பே வந்து விழும் ஓர் உவமை, ஓர் ஒப்பீடு. இது கவுண்டமணியின் வழி. நாயகனையே மட்டந்தட்டும் துணிவும் அவரிடமிருந்து வந்ததே. வடிவேலுவோ அடிபடுபவராகவும் ஏமாறுபவராகவும் நின்று, எள்ளப்பட்டவனின் பக்கத்திலிருந்து நகையை விளைவித்தார். சந்தானம் எள்ளுபவனின் பக்கத்தில் நின்றார். இரண்டும் மரபுக்கு உட்பட்டவையே. ஆனால் எள்ளுபவன் தன் இலக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புடையவன்.

அப்பொறுப்பு நழுவியதைக் காட்டும் தெளிவான சான்று சங்கர் இயக்கிய ‘ஐ’ (2015). உருச்சிதைந்த நாயகனின் உடலுக்காக நம்மை இரங்கச் செய்யும் அப்படம், உருச்சிதைந்த பகைவர்களின் உடலைக் கண்டு நகைக்கச் சொல்கிறது. அவர்களைத் தொலைக்காட்சிப் பேட்டியாளர் போல அணுகிக் கேலி செய்யும் பணி சந்தானத்துக்கு ஒப்படைக்கப்படுகிறது. திருநங்கைப் பாத்திரத்தைக் கையாண்ட முறைக்காகவும் இப்படம் கண்டனத்துக்கு உள்ளானது. நாயகப் படத்தின் பொய்ம்மையைத் தொலைக்காட்சி வடிவத்தால் தோலுரித்த கலைஞர், அதே வடிவத்தை நாயகப் படத்தின் பழிவாங்கலுக்குக் கருவியாக்கித் தரும் காட்சி இது. எள்ளலின் திசை மேலிருந்து கீழாகத் திரும்பிவிட்டது.

எள்ளியவன் நாயகனாதல்

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ (2014) தொடங்கிச் சந்தானம் பெரும்பாலும் நாயக வேடங்களையே ஏற்றார். இப்படத்தின் மரபுவழி சிந்திக்கத்தக்கது. இது எஸ்.எஸ். ராஜமௌலியின் தெலுங்குப் படமான ‘மரியாத ராமண்ணா’வின் (2010) மறுவாக்கம். அத்தெலுங்குப் படமோ பஸ்டர் கீட்டனின் ‘அவர் ஹாஸ்பிட்டாலிட்டி’ (1923) என்னும் ஊமைப்படத்தின் கருவைத் தழுவியது. தன்னைக் கொல்லத் துடிக்கும் குடும்பத்தின் வீட்டுக்குள் விருந்தினனாக இருக்கும் வரை உயிர் தப்பும் ஒருவனின் கதை. கீட்டன், சுனில், சந்தானம் ஆகிய மூவரும் நகைச்சுவை நடிகர்களே. வீரமற்றவன் நாயகனாக நிற்பதில்தான் அக்கதையின் நயமே உள்ளது.

பின்னர் வந்த பல படங்களில் நகைச்சுவை நடிகர் சண்டையிலும் நடனத்திலும் வழக்கமான நாயகனாகவே தோன்ற முற்பட்டார். ‘லொள்ளு சபா’ எதைக் கேலி செய்ததோ அதுவாகவே ஆகும் நிலை அது. நாகேஷுக்கு ‘சர்வர் சுந்தரம்’ (1964) வாய்த்தபோது, நகைச்சுவை நடிகனாக உயர்ந்தவனின் துயரமே கதையாயிற்று. அத்தகைய தன்னுணர்வு சந்தானத்தின் நாயகப் படங்களில் அரிது.

ஆயினும் அவர் தம் பழைய குழுவோடு இணையும்போதெல்லாம் கலை மீள்கிறது. ராம்பாலா திரைப்பட இயக்குநராக அறிமுகமான ‘தில்லுக்கு துட்டு’ (2016), அதன் இரண்டாம் பாகம் (2019), ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ (2023) ஆகியன பேய்ப்படத்தின் மரபுகளையே எள்ளுகின்றன. பேயைக் கண்டு அஞ்ச வேண்டிய கூட்டம் பேயையே சலிப்புறச் செய்கிறது. ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ (2025) படத்திலோ, திரைப்பட விமர்சகன் ஒருவன் ஒரு திரைப்படத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறான். கேலி செய்தவன் தான் கேலி செய்ததற்குள் அகப்படும் இக்கதையமைப்பு, நடிகரின் சொந்தப் பயணத்துக்கே உருவகமாகப் பொருந்துகிறது.

‘டிக்கிலோனா’ (2021), ‘வடக்குப்பட்டி ராமசாமி’ (2024) ஆகிய இரு தலைப்புகளும் கவுண்டமணியின் பழைய நகைச்சுவைக் காட்சிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. முன்னது ‘ஜென்டில்மேன்’ (1993) படத்திலிருந்தும், பின்னது ‘உதய கீதம்’ (1985) படத்திலிருந்தும் வந்தன. தம் முன்னோடிக்குச் செலுத்தும் வணக்கம் என இதைக் கொள்ளலாம். ஆனால் ‘டிக்கிலோனா’ மாற்றுத்திறனாளிகளையும் பெண்களின் உடையையும் இழித்துரைப்பதாகக் கண்டனத்துக்கு உள்ளானது. முன்னோடியின் கூர்மையோடு அவரது காலத்துக் குறைகளும் கூடவே வந்து சேர்ந்தன.

ரிங்லெட்டிலிருந்து நோக்குகையில்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். அதன் அருகே 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் உருவானது. மலைச்சரிவைத் திருத்தித் தேயிலையை வளர்த்த உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. இன்று கொழுந்து பறிப்போருள் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுந்துள்ளனர். தோட்டத்துத் தமிழரின் பிள்ளைகள் பலர் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர்.

மலாயாத் தோட்டங்களில் திடலில் திரைகட்டிக் காட்டிய படங்கள் ஒரு தலைமுறையின் பொது நினைவு. பின்னர் அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தமிழ்ப்படமும், 1996இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பும் அந்நினைவைத் தொடர்ந்தன. பகடி இந்நினைவையே முதலாகக் கொண்டு இயங்குவது. மூலப்படத்தை அறியாதவருக்குக் கேலி விளங்காது. சென்னையின் வடபகுதியை ஒருநாளும் கண்டிராத மலைத்தோட்டத்துக் குடும்பம், அப்பகுதியின் பேச்சைத் திரையின் வழியே கற்று, அதன் கேலிக்கு உரிய இடத்தில் நகைக்கிறது. அக்குடும்பம் தமிழுலகின் உறுப்பாக இருப்பதற்கு இந்நகையே ஒரு சான்றிதழ். இலக்கியமும் ஏடும் எட்டாத இல்லங்களில் மொழியின் நுட்பங்களை நிலைநிறுத்தியதில் நகைச்சுவை நிகழ்ச்சிகளின் பங்கை மொழியாய்வாளர் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் இவ்வுறவு ஒருவழிப்பட்டது. சந்தானம் நடித்த ‘பில்லா’ (2007) மலேசியாவில் படமாக்கப்பட்டது. நெடுஞ்சாலையும் வானளாவிய கட்டடங்களும் பத்துமலை முருகன் சிலையும் அதில் உண்டு. அச்சிலையைச் சாத்தியமாக்கிய தோட்டச் சமூகம் இல்லை. மலேசியத் தமிழர் அப்படத்துக்குக் காட்சிப்புலத்தைத் தந்தனர். கதையில் இடம் பெறவில்லை.

இங்குதான் எள்ளலின் திசை இன்றியமையாத வினாவாகிறது. ‘லொள்ளு சபா’ நாயகனை எள்ளியபோது தோட்டத்துப் பார்வையாளர் எள்ளுபவரின் பக்கம் இருந்தார். தம்மை அதட்டிய கிராணியையும் துரையையும் உள்ளுக்குள் நகைத்த மரபு அவருடையது. பெரிய உருவங்கள் சரிவதைக் காணும் இன்பம் அவருக்குப் பழகியது. அதே கலைஞர் கரிய நிறத்தையும், ஒல்லியான அல்லது பருத்த உடலையும், ஏழ்மைத் தோற்றத்தையும் எள்ளும்போது, வெயிலில் உழைத்துக் கறுத்த குடும்பத்தில் பிறந்தவர் எந்தப் பக்கம் நின்று நகைப்பார்? அவர் நகைக்கவே செய்கிறார் என்று மறுமொழி கூறலாம். பேராசிரியரின் இரண்டாங்கூறும் அதையே சொல்வதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ‘லொள்ளு சபா’க் குழுவினர் தம்மையே எள்ளியது அவர்கள் தேர்ந்துகொண்டது. பார்வையாளரின் உடல் எள்ளப்படும்போது அத்தேர்வு அவரிடம் இல்லை. அந்நகையில் சேர்ந்துகொள்ள மறுப்பவர் நகைச்சுவை உணர்வற்றவர் என்னும் பட்டத்தையும் ஏற்க நேர்கிறது. பள்ளி வகுப்பறைகளில் திரைவசனம் பட்டப்பெயராக மாறும் வழக்கத்தை அறிந்த ஆசிரியர்க்கு இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று.

முடிவுரை

சந்தானத்தின் கலைவாழ்வு மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. குழுவாக நின்று பெரும்படத்தை எள்ளியது முதல் நிலை. நாயகன் அருகில் நின்று எளியோரையும் எள்ளியது இரண்டாம் நிலை. தாமே நாயகனாகியது மூன்றாம் நிலை. அவரது திறன் மூன்றிலும் குன்றவில்லை. சொல்லின் வேகமும் காலம் அறிந்து உரைக்கும் நுட்பமும் அவருக்கு இயல்பானவை. மாறியது இலக்கு ஒன்றே. பழைய குழுவினரோடு அவர் இணைந்த படங்களில் இலக்கு மீண்டும் நேர்ப்படுகிறது என்பது, அக்கலையின் வேர் தனிநடிகரின் நாவில் மட்டுமன்றிக் குழுவின் ஒழுங்கிலும் இருந்தமையை உணர்த்துகிறது. அக்குழுவின் சேஷு 2024 மார்ச்சில் காலமானார். அவர்களது தொலைக்காட்சிப் பணி முறையாகத் தொகுக்கப்பட்டு ஆராயப்பட வேண்டிய தருணம் இது.

நகைச்சுவையைத் தணிக்கை செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கையன்று. எள்ளலை முதலில் வைத்து எண்ணிய இலக்கண மரபு நம்முடையது. அம்மரபு எள்ளப்பட்டவனின் நகையையும் எண்ணிப் பார்த்தது. இன்றைய நகைச்சுவையை அம்முழுமையான அளவுகோலால் அளப்பதே திறனாய்வாளர் கடன். படத்தின் வசூல் அதற்கு அளவாகாது. ரிங்லெட் போன்ற ஊரில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் ஒரு தமிழ்க் குழந்தை, தன் நிறத்தையும் உருவத்தையும் மறக்க வேண்டிய தேவையின்றி அந்நகையில் கலந்துகொள்ள இயலுமா என்பதே அளவாகும்.