பெயரும் வர்ணனையும்

தூத்துக்குடி, முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்த ஊர். 1961-ம் வருஷத்தோடு முத்துக்குளிப்பு நின்றது. இருந்தாலும், பிரிப்பது என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நாவல் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு சிப்பிப் புஸ்தகத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

எஃப். எல். கிச்சின் எழுதியது. கட்ச் பிரதேசத்து ஜுராசிக் பாறைகளில், சுமார் 16 கோடி ஆண்டுகளாகக் கல்லாய்க் கிடந்த பிராக்கியோபாடுகளைப் பற்றியது. இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறையின் 'பேலியன்டாலஜியா இண்டிகா' வரிசையில் 1900-ல் வெளிவந்தது.

பிராக்கியோபாடு நம் முத்துச்சிப்பிக்குச் சொந்தமல்ல. முத்துச்சிப்பிக்கு ஓடுகள் இடமும் வலமுமாக அமைந்தவை. இதற்கு மேலும் கீழும். பெரிய ஓட்டின் மூக்கில் ஒரு துளை. அதன் வழியே நீளும் காம்பினால் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும். பார்வைக்கு அகல்விளக்குப் போல இருக்கும்.

கிச்சினிடம் அலங்காரம் கிடையாது. ஓட்டின் உருவம், மூக்கின் வளைவு, விளிம்பின் மடிப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஒரு சிப்பிக்கு 'டெரிபிராட்டுலா அக்யூட்டிப்ளிகேட்டா' என்று பெயர் வைத்தார். கூரிய மடிப்புள்ளது என்று பொருள். டெரிபிராட்டுலா என்பது அந்நாளில் பெரிய கூடை. எத்தனையோ சிப்பிகள் அதில் விழுந்தன. இவரும் அதிலேயே போட்டார், அது குறைதான்.

பிறகு பக்மன் வந்தார். வேறு வேறு வம்சத்தில் பிறந்தவை ஒரே முகத்தோடு வரலாம், வெளித்தோற்றத்தை நம்பாதே என்பது அவர் கட்சி. 1918-ல் கிச்சினின் சிப்பியைத் தனியே எடுத்து, 'கட்சிதைரிஸ்' என்ற புதிய பேரினத்துக்கு முன்மாதிரியாக வைத்தார்.

கிச்சின் தோற்றுவிட்டாரா? இன்றும் அந்தப் பெயரை முழுமையாக எழுதுகிறவர்கள் பின்னால் அடைப்புக்குறிக்குள் கிச்சின் என்று சேர்க்கிறார்கள். வீடு மாறிவிட்டது, ஆனால் முதலில் கண்டு சொன்னவர் இவரே என்று அதற்கு அர்த்தம். கூடை போயிற்று, வர்ணனை நின்றது.

நம் விமர்சகர்களை நினைத்துக்கொள்கிறேன். நாவலைப் பாதி படிப்பதற்குள் 'சமூக நாவல்', 'மனோதத்துவ நாவல்' என்று கூடை தேடுகிறார்கள். அவர்களை மட்டும் சொல்வானேன்? ஒரு நண்பரின் நாவலை 'கடற்கரைக் கதை' என்ற இரண்டே வார்த்தையில் நானும் தள்ளியிருக்கிறேன். அவர் இன்று இல்லை, புஸ்தகமும் கிடைப்பதில்லை. அதில் என்ன இருந்தது என்று என் கட்டுரையைப் பார்த்து ஒருவரும் தெரிந்துகொள்ள முடியாது.