பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டிய பாடம்

தமிழகத்தில் 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு அச்சிட்டுக் கொடுத்தார்கள். கைப்பேசியைக் காட்டினால் காணொளி ஓடும். ஒரு மாநில அரசு இவ்வளவு பாடப்பொருளைத் தமிழில் உருவாக்கி இலவசமாகத் தந்தது சின்ன காரியம் இல்லை. ஆனால் அந்தக் கறுப்புக் கட்டம் திறக்க வேண்டுமானால் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும், பிள்ளை படிக்கிற நேரத்தில் அது வீட்டிலேயே இருக்க வேண்டும், அதில் டேட்டா மிச்சம் இருக்க வேண்டும். பந்தல்குடி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் மானாவாரி ஊர்களில் முதலாவது நிறைவேறினாலும் இரண்டாவது இடிக்கும். அப்பா அருப்புக்கோட்டை மில்லுக்கோ கரிமூட்டத்துக்கோ கிளம்பும்போது போனும் கூடவே போய்விடும். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் இணைய வசதி இருந்த வீடுகள் 100-க்கு 15தான். அந்தக் காலத்தில் வந்த புத்தகம், மற்ற 85 வீடுகளை மறந்துவிட்டது.

இணையமே இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தது கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கி, அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் வந்தது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைக்கும் பாடம் சொன்னது அதுதான். அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் தொலைக்காட்சி யாருக்காகவும் நிற்காது. பின்னக் கூட்டலில் கீழ் எண்கள் வேறாக இருந்தால் முதலில் அவற்றைச் சமமாக்க வேண்டும் என்கிற அந்த ஒரு படியைப் பிள்ளை தவறவிட்டால், அதற்குப் பிறகு ஓடும் இருபது நிமிடமும் வீண். ‘அசர்’ கள ஆய்வின்படி, தமிழகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம், 2022-இல் 4.8. பள்ளிகள் பூட்டிக் கிடந்ததே இதற்குப் பெரிய காரணம். ஆனாலும் ஒளிபரப்பு அந்தச் சரிவைத் தாங்கிப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்ப வேண்டி வந்தது, பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்லித்தர ஆள் தேவைப்பட்டதால்தான்.

அதனால்தான் பாடம் பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும், ஓட்டுவதும் நிறுத்துவதும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். எல்லா வகுப்புக் காணொளிகளையும் பயிற்சிகளையும் ஒரு சிறிய கணினியில் ஏற்றி, பள்ளிச் சுவருக்குள் மட்டும் வைஃபை கொடுத்தால் போதும். சிம் கார்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். ‘கொலிப்ரி’ என்னும் இலவச மென்பொருள் இணையம் எட்டாத இடங்களில் இந்த வேலையைச் செய்துவருகிறது. ஊராட்சிக்கு ஊராட்சி ஃபைபர் வருகிறதே, தொடக்கப் பள்ளிகளில் பிராட்பேண்டுடன் ஸ்மார்ட் வகுப்பறை அமைக்கிறார்களே, பிறகு எதற்கு இந்தப் பின்னோக்கிய ஏற்பாடு என்று கேட்கலாம். வரட்டும், வரவேற்போம். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி வகுப்பறைக்குள் வந்ததாக ஆகாது. சாலை தோண்டும்போது அறுந்தாலோ, மாதக் கட்டணம் நிலுவையில் நின்றாலோ அன்றைய பாடம் போய்விடக் கூடாது. இணைப்பு இருக்கிற நாளில் புதியதை இறக்கிக்கொள்ளலாம். இல்லாத நாளிலும் வகுப்பு நடக்கும்.

கருவிக்குக் கொட்டும் பணமே வீண், அதை ஆசிரியர் நியமனத்துக்குக் கொடுங்கள் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துவிட்டு 319 கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த மடிக்கணினி கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கு உதவியது, ஆனால் அது ஒரு வகுப்பறையாக ஆகவில்லை. டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை வைத்து நடந்த ஆய்வோ வேறு முடிவைக் காட்டியது. அங்கே மென்பொருள் அவரவர் நிலைக்கேற்பக் கணக்குக் கொடுத்தது, கூடவே சிறு குழுக்களுக்கு உதவி ஆசிரியரும் சொல்லித்தந்தார். கணக்கில் நல்ல முன்னேற்றம். அங்கேயும் சொல்லித்தர ஆள் இருந்தார் என்பதை மறந்துவிட்டு அந்த முடிவை எடுத்துக்காட்டுவது தவறு. கரிசல் புழுதியிலும் கோடை வெக்கையிலும் இந்த ஏற்பாட்டுக்கு வேண்டிய புரொஜெக்டரும் யுபிஎஸ் பேட்டரியும் பழுதாகாமல் இருக்காது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் தொடக்கப் பள்ளியில் அந்தப் பராமரிப்பையும் அவர்கள் தலையில் கட்டினால் கருவி பீரோவுக்குள்தான் போகும். ஆகவே கருவி வாங்க ஒதுக்கும் தொகையிலேயே ஆண்டுப் பராமரிப்புக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். பல பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்துக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளராவது நியமிக்கப்பட்டு, பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்க்க வேண்டும்.