'லாஸ்ட் சைல்ட் இன் தி வுட்ஸ்': காடு வேண்டாம், ஒரு ஜன்னல் போதுமா?

குழந்தைகளை வெளியே விடணும், மண்ணைத் தொடவிடணும்னு இன்றைக்கு யார் எழுதினாலும், அதற்குப் பின்னால் ரிச்சர்ட் லூவ் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பார். சான் டியாகோவில் பத்திரிகைப் பத்தி எழுதிக்கொண்டிருந்த அவருடைய 'லாஸ்ட் சைல்ட் இன் தி வுட்ஸ்' 2005இல் வந்தது. அதில்தான் 'இயற்கைப் பற்றாக்குறைக் கோளாறு' என்ற பெயரை வைத்தார். இது மருத்துவர்கள் சொல்லும் நோய் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பெயர் ஒருமுறை கிளம்பிவிட்டால் விளக்கக் குறிப்பு கூடவே போகாது.

புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பயத்தைப் பற்றிய பகுதிகள். குழந்தைகள் ஏன் வெளியே போவதில்லை என்பதற்குத் திரையை மட்டும் திட்டிவிட்டு அவர் நகர்வதில்லை. முகம் தெரியாத ஆள் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பெற்றோரின் பயம், யாராவது விழுந்தால் வழக்கு வருமே என்ற நிர்வாகங்களின் பயம், மரத்தில் பரண் கட்டக்கூடாது என்று விதி போடும் குடியிருப்புச் சங்கங்கள், நிமிடத்துக்கு நிமிடம் நிரப்பப்பட்ட குழந்தையின் நாள்... இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல பத்திரிகைக்காரர்.

சிக்கல் ஆதாரங்களுக்கு வரும்போது. அவர் மனதில் இருப்பது அவருடைய சிறுவயதுக் காடு. ஆனால் இந்தத் துறையின் பேர்பெற்ற ஆய்வுகளில் பல காட்டைப் பற்றியவை அல்ல, ஜன்னலைப் பற்றியவை!

ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டதைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை முடிந்த 46 நோயாளிகளின் பழைய பதிவுகளை எடுத்து, வயது, பாலினம் எல்லாம் பொருந்துகிற மாதிரி ஜோடி சேர்த்தார். ஒருவருக்கு ஜன்னலில் மரங்கள் தெரியும், இன்னொருவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் யாரும் நடக்கவில்லை, ஓடவில்லை, மண்ணைத் தொடவும் இல்லை. படுத்துக்கிடந்தார்கள், அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே கதைதான். சிகாகோவில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்று ஏழைகளுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது (இப்போது இடித்துவிட்டார்கள்). யாருக்கு எந்த வீடு என்பதை வீட்டுவசதித் துறை முடிவு செய்ததால், வசதியானவர்கள் மரம் இருக்கும் பக்கமாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள் என்று இங்கே சொல்லமுடியாது. ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லர், பிரான்சஸ் குவோ, வில்லியம் சல்லிவன் மூவரும் 2002இல் அங்கே 169 குழந்தைகளைச் சோதித்தார்கள். வீட்டு ஜன்னலில் பசுமை தெரிந்த பெண் பிள்ளைகளிடம் கவனமும் தன்னடக்கமும் கூடுதலாக இருந்தன. பையன்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அவர்கள் வீட்டை விட்டுத் தள்ளிப்போய் விளையாடுவதால் இருக்கலாம் என்பது ஓர் ஊகம். 'இயற்கை குழந்தைகளின் கவனத்தைக் கூட்டும்' என்ற மேடை வாக்கியத்தில் இந்தப் பையன்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது லி, சல்லிவன் இருவரும் 2016இல் வெளியிட்டது. இல்லினாயில் ஐந்து உயர்நிலைப் பள்ளிகள், 94 மாணவர்கள். ஜன்னலே இல்லாத வகுப்பறை, கட்டடம் தெரியும் ஜன்னல், மரம் தெரியும் ஜன்னல் என்று மூன்று வகை. பாடவேலை செய்துகொண்டிருந்தபோது மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. அதே அறையில் சின்ன இடைவேளை கொடுத்த பிறகு சோதித்தபோதுதான் மரம் பார்த்தவர்களின் கவனம் மேலெழுந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கப்ளான் சொல்லிவந்ததும் இதுதான். வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும், இலை அசைவதுபோல மனதை மெல்ல இழுக்கிற ஒன்றில் அது ஓய்வெடுத்துத் திரும்பும். ஓய்வு கொடுக்காவிட்டால் மரம் இருந்து என்ன புண்ணியம்? அட்லாண்டாவில் 1990களில் இடைவேளையையே எடுத்துவிட்டு, விளையாட்டுத் திடல் இல்லாமல் பள்ளி கட்டினார்கள். அந்தப் பள்ளிக்கு வருடம் ஒரு காட்டுப் பயணம் ஏற்பாடு செய்து என்ன ஆகப்போகிறது?

இன்னொரு குழப்பம், 'இயற்கை' என்று ஒரே மூட்டையில் எல்லாவற்றையும் கட்டிவிடுவது. சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5. பெரிய லாபம். ஆனால் இங்கே வேலை செய்வது பெரும்பாலும் வெளிச்சம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மொட்டைத் திடலே போதும், மரம் வேண்டியதில்லை. பார்சிலோனாவில் 36 பள்ளிகளின் 2,593 குழந்தைகளை ஓராண்டு பின்தொடர்ந்தபோது, பசுமையான பள்ளிகளில் செயல்நினைவு வேகமாக வளர்ந்தது. அதில் கணிசமான பங்கு வாகனப்புகை குறைவாக இருந்ததால் என்று அந்த ஆய்வே சொல்கிறது. அப்படின்னா அங்கே கேட்கவேண்டியது போக்குவரத்தைத் திருப்பிவிடச் சொல்லி.

வாரம் 120 நிமிடம் என்ற எண்ணும் இப்படித்தான். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வந்தது. அவ்வளவு நேரம் வெளியே போனதாகச் சொன்னவர்கள், உடல்நலமும் மனநலமும் நன்றாயிருப்பதாகச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்கள்தானே அதிகம் வெளியே போவார்கள்! ஆய்வாளர்களே எச்சரித்தும் அது மாத்திரை அளவு மாதிரி ஊர் சுற்றுகிறது.

லூவ் சொன்னது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. வெளியே விடச்சொன்ன திசை சரி. 'கோளாறு' என்று பெயர் வைத்ததில்தான் என் சண்டை. கோளாறு என்றதும் சிகிச்சை தேடுவோம், சிகிச்சை என்றதும் முகாம், பயணம், கட்டணம் என்று போய்விடும். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் எட்டாது. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸின் பிள்ளைகளுக்கு எட்டியது வாசலில் நின்ற சில மரங்கள். பள்ளி நிர்வாகத்தில் யாருக்காவது பரிந்துரைப்பதாக இருந்தால், லூவின் பயம் பற்றிய அத்தியாயங்களையும் லி–சல்லிவன் கட்டுரையையும் சேர்த்துக் கொடுப்பேன். பிறகு வகுப்பறை ஜன்னல்களில் எத்தனை மூடியே கிடக்கின்றன, மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று எண்ணிப்பார்க்கச் சொல்வேன்.