அழுகின மொழி, அழுகின மண்

கென் சரோ-விவா என்றதும் 'சுற்றுச்சூழல் போராளி' என்ற பட்டம்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. ரொம்ப வசதியான பட்டம். மரம், மீன், ஆறு என்று பேசிவிட்டு, நிலம் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம்.

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழ்கிற சிறுபான்மை இனம் ஓகோனி. 1958இல் அவர்கள் மண்ணில் எண்ணெய் கண்டார்கள். தோண்டியது ஷெல். 1969ஆம் ஆண்டுச் சட்டம் பூமிக்குள் கிடக்கும் எண்ணெயை மத்திய அரசுக்கு எழுதிவைத்தது. 1978 ஆணை மேலே கிடந்த நிலத்தை மாநில ஆளுநர் கையில் கொடுத்தது. உழுதவனுக்கு மிச்சம் என்ன? எண்ணெய் படிந்த வயல். 1990இல் ஓகோனிகள் வெளியிட்ட உரிமைச் சாசனத்தில் முதல் கோரிக்கை, தங்கள் விவகாரங்களைத் தாங்களே நடத்தும் அரசியல் உரிமை. சுற்றுச்சூழல் கடைசியில்தான் வருகிறது. உலகம் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டது.

1985இல் வந்த அவருடைய 'சோசாபாய்' நாவலை இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். 'அழுகின இங்கிலீஷில்' எழுதியது என்று அவரே அட்டையில் போட்டார். லாரியில் எடுபிடியாக இருக்கும் மெனே, சிப்பாய் ஆனால் மரியாதை என்று நம்பிப் பட்டாளத்துக்குப் போகிறான். யாருக்கும் யாருக்கும் சண்டை, எதுக்குச் சண்டை, ஒன்றும் அவனுக்கு விளங்கவில்லை. 'மன்மஸ்வாக்' என்ற ஒரே ஆள் இரண்டு பக்கமும் வருகிறான். மனுசன் தின்னாகணும் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். ஊர் திரும்பினால் ஆத்தாளும் பெண்டாட்டியும் குண்டு விழுந்து செத்துப்போயிருக்கிறார்கள். உயிரோடு வந்தவனைப் பேய் என்கிறது ஊர். இலக்கணம் உடைந்த அந்த மொழியில் அதிகாரத்தின் பொய் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட மொழியில் எழுதிவரும் நமக்கு இது புதுசில்லை.

1993 சிறைவாசம் பற்றிய 'ஒரு மாதமும் ஒரு நாளும்' வேறு மாதிரி. வெளியுலகத்துக்கு வழக்குச் சொல்லும் படித்தவரின் ஆங்கிலம், தலைவரின் 'நான்'. தேவையான நூல்தான். ஆனால் மெனே அதில் பேசுவதில்லை, ஓகோனிப் பெண்களும் அதிகம் பேசுவதில்லை. வழக்குமன்ற மொழிக்குப் போனதும் சனங்கள் சாட்சிகளாகச் சுருங்கிப்போகிறார்கள்.

அந்த வழக்குமன்றமோ நியாயமே இல்லாதது. 1994 மே 21இல் நான்கு ஓகோனித் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். அதுவும் ஓகோனி ரத்தம்தான். ஆதரவாளர்கள் பலர் அதைப் பேசாமல் நழுவுவது சரியல்ல. இனத்துக்குள் இருந்த பிளவை அரசு கயிறாகத் திரித்துக்கொண்டது. ராணுவ அதிகாரியும் உட்கார்ந்த விசேஷ மன்றம், மேல்முறையீடு கிடையாது. லஞ்சம் வாங்கிச் சாட்சி சொன்னோம் என்று இரண்டு பேர் பிரமாணம் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. வக்கீல்கள் வெளியேறினார்கள். ஆதரித்த கிராமங்களில் படை புகுந்தது. பலர் எல்லை தாண்டி ஓடினார்கள். சிறையிலிருந்து ஓர் ஐரிஷ் கன்னியாஸ்திரிக்கு அவர் எழுதிய கடிதங்கள் சாப்பாட்டுக் கூடையில் ஒளிந்துதான் வெளியே வந்தன. 1995 நவம்பர் 10இல் ஒன்பது பேரையும் தூக்கில் போட்டார்கள்.

2009இல் ஷெல் 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது, தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, ஓகோனியின் ஓரிடத்துக் கிணற்று நீரில் பென்சீன் அனுமதித்த அளவைவிட 900 மடங்குக்கு மேல் இருப்பதைக் கண்டது. 2025 ஜூனில் நைஜீரிய அதிபர் ஒன்பது பேருக்கும் 'மன்னிப்பு' வழங்கினார். கூடவே தேசிய விருதும். குற்றம் செய்யாதவனுக்கு எதுக்கய்யா மன்னிப்பு? தீர்ப்பே தப்பு என்று அறிவி என்கிறார்கள் ஓகோனிகள். அதே ஆண்டு, அந்த மண்ணில் மறுபடி எண்ணெய் எடுக்கும் பேச்சையும் அரசு நடத்தியது. விருதுக்கும் பேச்சுக்கும் இடையில் என்ன தூரம் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே தோழர்களே, சரோ-விவாவைத் தியாகி படமாக மாட்டுவதற்கு முன்னால் 'சோசாபாய்' படியுங்கள். தமிழில் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று: மெனேயின் பேச்சைத் திருத்திச் செந்தமிழாக்கிவிடாதீர்கள். நிலம் போனது, உயிர் போனது. பேச்சாவது அவனுக்கு இருக்கட்டும்.